நற்பேறு நாமே நெய்வதா?

"எல்லாம் தலையெழுத்து" என்பது நம் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் சொல். "உன் வாழ்வு உன் கையில்" என்பது மேடைகளிலும் முன்னேற்ற நூல்களிலும் இந்நாளில் ஓயாது ஒலிக்கும் சொல். காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் இவ்விரண்டையும் ஒரே கூரையின்கீழ்க் கேட்கலாம். தறிக்குழியில் காலூன்றி நாற்பது ஆண்டுகள் பட்டு நெய்த தந்தை முதற்சொல்லைச் சொல்லுவார். பட்டயப் படிப்பை முடித்துவிட்டுத் திருப்பெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வருமா என்று காத்திருக்கும் மகன் இரண்டாம் சொல்லைச் சொல்லுவான். தந்தையின் சொல்லில் களைப்பு உண்டு; மகனின் சொல்லில் துடிப்பு உண்டு. இருவரில் உண்மை யார் பக்கம்?

இது பொழுதுபோக்கிற்கான சொற்போர் அன்று. வேலை கிடைக்காத இளைஞன் தன்னைப் பற்றி என்ன எண்ணிக்கொள்கிறான், தொழிலில் உயர்ந்துவிட்டவர் உயராமற்போன தம் உடன்பிறந்தாரை எந்தக் கண்ணால் பார்க்கிறார், மகளுக்கு மணம் முடிக்க இயலாத தகப்பன் இறைவன் முன்னிலையில் எவ்வாறு மண்டியிடுகிறான் என்பன எல்லாம் இக்கேள்விக்கு நாம் தரும் விடையைப் பொறுத்தே அமைகின்றன. ஆகவே, ஒருவர் தம் அதிர்ஷ்டத்தைத் தாமே உருவாக்கிக்கொள்ள இயலுமா என்பதை நிதானமாக எண்ணிப் பார்ப்பது நமக்கு நலம் தரும்.

சொற்களே சொல்லும் செய்தி

முதலில் நாம் வழங்கும் சொற்களையே கேட்போம். அதிர்ஷ்டம் வடமொழியிலிருந்து வந்த சொல். அதன் நேர்ப்பொருள் 'காணப்படாதது' என்பதாகும். கண்ணுக்குப் புலப்படாத ஏதோ ஒன்று நம் வாழ்வில் பயன் தருகிறது என்பதையே நம் முன்னோர் அச்சொல்லால் குறித்தனர். அதற்கு ஈடாகத் தமிழில் நற்பேறு என்கிறோம். பேறு என்பது 'பெறு' என்னும் வினையிலிருந்து பிறந்தது. பெறப்பட்டது என்று பொருள்படும். ஒரு சொல் 'நீ காணாதது' என்கிறது. மற்றது 'நீ பெற்றது' என்கிறது. இரண்டில் ஒன்றேனும் 'நீ செய்தது' என்று சொல்லவில்லை.

செய்வதைக் குறிக்க நம்மிடம் வேறு சொற்கள் உண்டு. முயற்சி, தாளாண்மை, ஆள்வினை என்பன அவை. திருக்குறளில் முப்பத்தெட்டாம் அதிகாரம் ஊழ். அறுபத்திரண்டாம் அதிகாரம் ஆள்வினையுடைமை. முன்னதன் முடிவில் ஊழைவிட வலிமை மிக்கது எதுவுமில்லை என்னும் கருத்து வருகிறது. பின்னதன் முடிவிலோ, தளராது முயல்வோர் ஊழையே தோற்கடிப்பர் என்னும் கருத்து வருகிறது. மயிலையில் நெசவு செய்து வாழ்ந்தவர் என்று மரபு போற்றும் வள்ளுவர் இவ்விரண்டையும் ஒரே நூலில் அருகருகே வைத்தார். ஒன்றுக்காக மற்றொன்றை நீக்கவில்லை. காஞ்சிபுரத்தவர் என்று சொல்லப்படும் பரிமேலழகரும் இரண்டிற்கும் உரை கண்டார். ஆள்வினையுடைமை அதிகாரத்திலேயே நமக்குப் பயன்படும் மற்றொரு கருத்தும் உண்டு. நல்லூழ் வாய்க்கவில்லை என்பதற்காக எவரையும் குறைகூற இடமில்லை. அறிய வேண்டியதை அறிந்து முயலாதிருப்பதே குறை என்பது அது. நம் கையில் உள்ளதற்கு மட்டுமே நாம் பொறுப்பு; நம் கையில் இல்லாததற்காக எவரும் தலைகுனிய வேண்டுவதில்லை. இந்த எளிய வேறுபாட்டை இழந்துவிட்டால், தந்தையின் சொல் சோம்பலுக்கும் மகனின் சொல் செருக்குக்கும் வழிகாட்டிவிடும்.

உழுதவனும் புதைத்தவனும்

கிறிஸ்தவச் சிந்தனையாளருள் இதனை ஆழ்ந்து எண்ணியவர் போயத்தியுஸ். உரோமை நகரத்து உயர்குடியில் பிறந்து 510-இல் கான்சல் பதவி பெற்றவர். 522-இல் தம் இரு மைந்தரும் ஒரே ஆண்டில் அப்பதவியை ஏற்றதைக் கண்டு மகிழ்ந்தவர். நற்பேறு பெற்றவர் யார் என்று அந்நாளில் கேட்டிருந்தால், பலரும் அவரையே சுட்டியிருப்பர். அதன்பின் சில ஆண்டுகளே சென்றன. தெயோதோரிக் மன்னனுக்கு எதிராகச் சதி செய்தார் என்று குற்றம் சாட்டப்பட்டுச் சிறையிடப்பட்டார். ஏறத்தாழ 524-இல் கொல்லப்பட்டார். சாவை எதிர்நோக்கியிருந்த அந்நாள்களில் அவர் எழுதிய நூலே 'மெய்யியலின் ஆறுதல்'. வாழ்வில் ஏறி இறங்கியவர் எழுதியதால் அந்நூலின் சொற்களுக்குத் தனி எடை உண்டு.

அந்நூலின் ஐந்தாம் பகுதியில் அவர் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். உழவன் ஒருவன் பயிரிடுவதற்காக நிலத்தைத் தோண்டுகிறான். மண்ணுக்குள் பொற்குவியல் ஒன்று கிடைக்கிறது. உலகம் இதனை அதிர்ஷ்டம் என்கிறது. ஆனால் இது காரணமின்றி நிகழ்ந்ததா? அவன் தோண்டியிராவிட்டால் பொன் கிடைத்திராது. வேறொருவன் முன்னொரு நாள் அங்கே புதைத்திராவிட்டாலும் கிடைத்திராது. தோண்டியவன் பொன்னை எண்ணித் தோண்டவில்லை. புதைத்தவன் இவனை எண்ணிப் புதைக்கவில்லை. ஒருவரையொருவர் அறியாத இருவரின் செயல்கள் ஓரிடத்தில் கூடின. அக்கூடுகைக்கே அதிர்ஷ்டம் என்று பெயர்.

புனித தாமஸ் அக்குவினாஸ் இதற்கு மேலும் ஒரு படி செல்கிறார். தலைவர் ஒருவர் தம் பணியாளர் இருவரை ஒருவர்க்கொருவர் தெரியாமல் ஒரே இடத்திற்கு அனுப்புகிறார். அங்கே சந்தித்துக்கொள்ளும் பணியாளருக்கு அது தற்செயல். அனுப்பிய தலைவருக்கோ அது திட்டம். நாம் தற்செயல் என்று அழைப்பது இறைவனின் பராமரிப்புக்குப் புறம்பானதன்று என்பதை விளக்க அவர் தந்த உவமை இது.

திருத்தூதர் பணிகள் நூலில் இதன் உயிருள்ள வடிவத்தைக் காணலாம். கிளவுதியு பேரரசரின் ஆணையால் யூதர்கள் உரோமையிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அக்கிலா, பிரிஸ்கில்லா என்னும் தம்பதியர் வீடும் தொழிலும் இழந்து கொரிந்து நகரம் வந்து சேர்ந்தனர். ஏதென்சிலிருந்து பவுலும் அங்கு வந்தார். மூவரும் செய்த தொழில் ஒன்றே; கூடாரம் செய்தல். அதனால் பவுல் அவர்களுடன் தங்கி வேலை செய்தார் (திப 18:1-3). நாடு கடத்தப்பட்டோரின் துயரமும் திருத்தூதரின் பயணமும் ஒரு தொழிற்கூடத்தில் சந்தித்தன. எனினும் ஒன்றை மறத்தலாகாது. பவுலுக்குக் கைத்தொழில் தெரிந்திருந்தது. தெரிந்த தொழிலைச் செய்ய அவர் நாணவில்லை. சந்திப்பு கொடையாக வந்தது. கைத்திறன் உழைப்பால் வந்தது.

காஞ்சியில் தோண்டியவர்கள்

இனி நம் ஊருக்கு வருவோம். காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்த நல்லி சின்னசாமி செட்டியார் 1928-இல் சென்னை தியாகராய நகரில் பட்டுக்கடை தொடங்கினார். அக்கடை பின்னர் உலகறிந்த நிறுவனமாக வளர்ந்தது. இதனை 'தம் அதிர்ஷ்டத்தைத் தாமே உருவாக்கியவர்' என்னும் கதைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. சரக்கை அறிந்த கண்ணும், ஊர்விட்டு ஊர் சென்று கடை விரிக்கும் துணிவும் அவருடையவை. எனினும் 1920-களில்தான் உருவாக்கப்பட்ட அப்புதிய குடியிருப்பு, பிற்காலத்தில் இந்தியாவின் மிகப்பெரிய வணிகப் பகுதிகளுள் ஒன்றாகும் என்று 1928-இல் எவர் உறுதி கூறியிருக்க முடியும்? அவர் தோண்டினார். நகரம் வளர்ந்தது, சாலைகள் வந்தன, தலைமுறை தலைமுறையாகக் காஞ்சித் தறிகள் புகழைச் சேர்த்து வைத்திருந்தன. இவற்றைப் புதைத்தவர்கள் பிறர்.

மற்றொரு காஞ்சி மைந்தரை எண்ணுவோம். பேரறிஞர் அண்ணாதுரை 1909-இல் காஞ்சிபுரத்தில் எளிய நெசவுக் குடும்பத்தில் பிறந்தார். வீட்டு வறுமையால் படிப்பை இடையில் நிறுத்தி, ஊர் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். மீண்டும் படிப்பைத் தொடர்ந்து, சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். 1967-இல் மாநிலத்தின் முதலமைச்சரானார். அவருடைய கல்வி, பேச்சாற்றல், விடாமுயற்சி ஆகியவற்றை யாவரும் அறிவோம். ஆனால் அக்கல்லூரி எவ்வாறு அங்கே வந்தது? பச்சையப்ப முதலியார் 1794-இல் நாற்பது வயதளவில் மறைந்தவர். அறப்பணிக்கென அவர் விட்டுச்சென்ற செல்வம் நெடுங்கால வழக்குகளில் சிக்கி மீண்டு, 1842-இல் சென்னையில் பள்ளியாக உருக்கொண்டது. அதன் வழிவந்ததே கல்லூரி. காஞ்சிபுரத்திலும் அவர் பெயரால் பள்ளி எழுந்தது. தாம் மறைந்து நூறாண்டுகளுக்கும் மேலான பின் காஞ்சியின் நெசவாளர் தெருவில் பிறக்கப்போகும் சிறுவனை அவர் கண்டாரில்லை. சிறுவனும் அவரைக் கண்டானில்லை. காணாத ஒருவர் புதைத்த பொன் காணாத ஒருவர் கையில் கிடைத்தது. அதிர்ஷ்டம் என்னும் சொல்லின் நேர்ப்பொருள் இங்கே எவ்வளவு துல்லியமாகப் பொருந்துகிறது!

மூன்றாவது நாடா

ஆனால் நாம் காணாதவை எல்லாம் கொடைகள் என்று எண்ணிவிடலாகாது. காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பு கோர்வை நெசவு. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டிற்கும் பாவு வேறு, ஊடை வேறு. மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு வரிசையிலும் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றோடொன்று கோக்கப்படுகின்றன. சேலை நைந்தாலும் கரை பிரியாது என்று பெருமையாகச் சொல்வது இதனால்தான். இந்நெசவை ஒருவர் தனித்துச் செய்தல் அரிது. நெசவாளர் நடுவில் அமர, பக்கத்தில் ஒருவர் அமர்ந்து ஒரு புறத்துக் கரையின் நாடாவைச் செலுத்த வேண்டும். இவர்களுக்கு முன்னும் பலர் உழைத்திருக்கின்றனர். பட்டு நூல் பெரும்பாலும் கருநாடகத்திலிருந்தும், சரிகை பெரும்பாலும் குஜராத்தின் சூரத்திலிருந்தும் வருகின்றன. சாயமிடுவோர், பாவு தோய்வோர், வீட்டில் தார் சுற்றும் பெண்கள் என்று கைகள் நீள்கின்றன. சேலையை விரித்துக் காட்டும்போது அக்கைகளுள் ஒன்றும் கண்ணில் படுவதில்லை.

பக்கத்தில் அமர்ந்த அந்தத் துணையாள் பல தறிகளில் நெடுங்காலம் ஒரு குழந்தையாகவே இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்கு ஈடாகப் பள்ளிக்குச் செல்ல வேண்டிய பிள்ளை தறியில் அமர்த்தப்பட்டது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இலும், குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இலும் வந்தன. அவற்றுக்குப் பின்னும் அவ்வழக்கம் தொடர்ந்தது. இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட சிறாரைப் பற்றி மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003-இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அரசும் தொண்டு நிறுவனங்களும் பள்ளிகளும் மேற்கொண்ட முயற்சிகளாலும், 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தாலும் அந்நிலை பெரிதும் மாறியிருக்கிறது. இதற்காக இறைவனுக்கு நன்றி சொல்வோம். அந்நாளைய நெசவாளரைப் பழிப்பதும் எளிதன்று. பலர் தாமே முதலாளியிடம் கடன்பட்டு மீளாதிருந்தவர்கள்.

ஆயினும் ஒரு கேள்வியை நம்மால் தவிர்க்க இயலாது. மணநாளில் அச்சேலையை உடுத்திய பெண்ணை ஊரார் அதிர்ஷ்டசாலி என்று வாழ்த்தினர். அந்த அதிர்ஷ்டத்தின் காணாத பகுதி ஒரு குழந்தையின் பள்ளிப் பருவமாக இருந்திருந்தால்? பச்சையப்பர் புதைத்தது மனமுவந்து தந்த பொன். அக்குழந்தை தந்தது தன்னிடமிருந்து பறிக்கப்பட்டது. இரண்டும் பெறுபவர் கண்ணுக்கு ஒன்றுபோல் மறைந்தே இருக்கின்றன. எனவே நமக்கு வாய்த்த நலத்தைக் குறித்து இரு கேள்விகள் எழ வேண்டும். இதனை எனக்கு விட்டுச்சென்றவர் யார் என்பது ஒன்று. அதற்கு விடை நன்றியறிதல். இது யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்பது மற்றொன்று. அதற்கு விடை நீதி. 'என் அதிர்ஷ்டத்தை நானே உருவாக்கினேன்' என்று சொல்பவர் இவ்விரு கேள்விகளையும் கேட்காமலே தப்பித்துக்கொள்கிறார். அச்சொல்லின் உண்மையான ஆபத்து இதுவே.

தோண்டியும் கிடைக்காதபோது

இனித் தோண்டியும் பொன் காணாதவர்களைப் பற்றி எண்ணுவோம். திருப்பெரும்புதூரில் நோக்கியா நிறுவனத்தின் கைப்பேசித் தொழிற்சாலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியது. சுற்றுவட்டாரத்து இளைஞர் பலர், குறிப்பாக இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில், அங்கே வேலைக்குச் சேர்ந்தனர். குடும்பத்தில் முதன்முறையாக மாதச் சம்பளம் கண்டவர்கள் உண்டு. அவர்கள் படித்தனர், தேர்வில் வென்றனர், நேரம் தவறாமல் உழைத்தனர். முன்னேற்ற நூல்கள் கேட்பனவற்றையெல்லாம் செய்தனர். பின்னர் அந்நிறுவனத்திற்கும் அரசுக்கும் இடையே வரித் தகராறு மூண்டது. 2014-இல் நிறுவனம் தன் கைப்பேசிப் பிரிவை மைக்ரோசாப்டுக்கு விற்றபோது, அவ்வழக்குகளின் காரணமாக இவ்வாலை விற்பனையில் சேராமல் நின்றது. அதே ஆண்டு நவம்பர் முதல் நாள் உற்பத்தி அடியோடு நின்றது. வேலையிழந்த பெண்ணிடம் 'உன் வாழ்வு உன் கையில்' என்று யார் சொல்வது? அவளுடைய கைகள் பிழை ஏதும் செய்யவில்லையே.

2020 மார்ச் மாதத்தில் கொரோனா ஊரடங்கு வந்தபோது திருமணங்கள் தள்ளிப்போயின அல்லது சுருங்கின. திருமணத்தை நம்பி வாழும் பட்டுத் தறிகள் ஓசையடங்கின. மிகச்சிறந்த நெசவாளரின் தறியும் சுமாரான நெசவாளரின் தறியும் ஒருசேர நின்றன. திறமை இருந்தது, முயற்சி இருந்தது, வாங்குவோர் இல்லை.

தோல்வியுற்றவரைக் காணும்போது அவர் எங்கோ தவறு செய்திருப்பார் என்று எண்ணுவது மனித இயல்பு. அவ்வாறு எண்ணினால் நமக்கு அச்சம் குறைகிறது. நாம் தவறு செய்யாதவரை நமக்கு ஒன்றும் நேராது என்னும் பொய்யான ஆறுதல் அதில் உண்டு. சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் இறந்த செய்தியைப் பற்றி ஆண்டவர் பேசியபோது, அவர்கள் எருசலேமில் வாழ்ந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்னும் எண்ணத்தை வெளிப்படையாக மறுத்தார் (லூக் 13:4-5). பிறர் துன்பத்தைத் தீர்ப்பாகப் படிக்காமல், தம் மனமாற்றத்திற்கான அழைப்பாக ஏற்குமாறு கேட்டவர்களை வேண்டினார். இடிந்த கோபுரங்களின் இடத்தில் இன்று மூடப்பட்ட ஆலைகளையும் நின்றுபோன தறிகளையும் வைத்துப் பார்க்கலாம்.

இவ்வாறு சொல்வதால் முயற்சி வீண் என்று எவரும் முடிவு கட்ட வேண்டாம். தாலந்து உவமையில் (மத் 25:14-30) ஒருவர் ஐந்து தாலந்து பெற்றார், மற்றொருவர் இரண்டு பெற்றார். யாருக்கு எவ்வளவு என்பதை அவர்கள் தீர்மானிக்கவில்லை. கணக்குக் கொடுத்த நாளில் ஒருவர் கையில் பத்து, மற்றவர் கையில் நான்கு. ஆயினும் தலைவர் இருவரையும் ஒரே விதமாகப் பாராட்டினார். மூன்றாமவர் கண்டனம் பெற்றது குறைவாக ஈட்டியதனால் அன்று. அஞ்சி மண்ணில் புதைத்துவிட்டுத் தொடங்காமலே இருந்ததனால். இறைவன் நம்மிடம் கேட்பது விளைவின் அளவை அன்று. பெற்றதைப் பயன்படுத்திய உண்மையை. தலையெழுத்து என்று சொல்லித் தறியில் அமராதவருக்கு இவ்வுவமை எச்சரிக்கை; அமர்ந்து நெய்தும் விலைபோகாதவருக்கோ இது ஆறுதல்.

மாலை ஐந்து மணி

வேலையும் வாய்ப்பும் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமைகளுள் திராட்சைத் தோட்ட வேலையாள்களின் உவமை (மத் 20:1-16) தனியிடம் பெறுகிறது. விடியற்காலையில் அழைக்கப்பட்டவர்கள் உண்டு; மாலை ஐந்து மணிக்கு அழைக்கப்பட்டவர்களும் உண்டு. கடைசியில் வந்தவர்களைச் சோம்பேறிகள் என்று நாம் அவசரப்பட்டு எண்ணிவிடுகிறோம். நற்செய்தி அவ்வாறு சொல்லவில்லை. ஏன் நாளெல்லாம் சும்மா நிற்கிறீர்கள் என்று தோட்டக்காரர் கேட்டபோது, தங்களை வேலைக்கு எடுப்பார் யாருமில்லை என்பதே அவர்கள் தந்த விடை. அவர் அவ்விடையை மறுக்கவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐந்து மணிவரை அவர்கள் சந்தைவெளியில் நின்றனர். கூலி கிடைக்காது என்று வீடு திரும்பியிருக்கலாம், திரும்பவில்லை. பொழுது சாயும் வேளையிலும் வேலைக்கு ஆயத்தமாய் நின்றனர். தம் அதிர்ஷ்டத்தை உருவாக்க அவர்களால் செய்யக்கூடியது அவ்வளவே, அதனைச் செய்தனர். எஞ்சியதைத் தோட்டக்காரர் செய்தார். அவர் காலையில் ஒருமுறை வந்து கடமை முடிந்தது என்று இருந்துவிடவில்லை. நாளில் ஐந்து முறை சந்தைவெளிக்கு வந்தார். வேலையில்லாமல் நிற்போர் இன்னும் எவரேனும் உண்டா என்று பார்த்தார். கூலியையும் ஒரு நாள் குடும்பம் உண்ணப் போதுமான தெனாரியமாகவே தந்தார்.

இங்கேதான் நம் கேள்விக்கு விடை கிடைக்கிறது. தன் அதிர்ஷ்டத்தைத் தானே உருவாக்கிக்கொள்ள மனிதனால் ஓரளவே இயலும். தொழிலைக் கற்பது, ஆயத்தமாய் நிற்பது, தோற்ற பின்னும் மறுநாள் சந்தைவெளிக்கு வருவது ஆகியன அவன் பங்கு. ஆனால் பிறருடைய அதிர்ஷ்டத்தை உருவாக்க நம்மால் பெரிதும் இயலும். அவர்கள் காணாத அந்தக் கை நம்முடையதாக இருக்கலாம். அழைப்பின்றி நிற்பவர் தாமே தமக்கு அழைப்பு விடுத்துக்கொள்ள முடியாது. தோட்டம் உடையவர் வர வேண்டும். எனவே, என் அதிர்ஷ்டத்தை நான் எப்படி உருவாக்குவது என்று கேட்பதோடு கிறிஸ்தவரின் கேள்வி நின்றுவிடுவதில்லை. நான் யாருடைய அதிர்ஷ்டத்தின் காணாத பகுதியாக இருக்கிறேன் என்றும் அவர் தம்மைக் கேட்டுக்கொள்கிறார்.

மனித உழைப்பைப் பற்றி 1981-இல் வெளியிட்ட சுற்றுமடலில் திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் ஒரு கருத்தை வலியுறுத்தினார். தொழிலாளிக்கு நேரே கூலி தருபவர் மட்டுமே முதலாளி அல்லர். கூலியின் நிலையைத் தீர்மானிக்கும் அமைப்புகளும் விதிகளும் மனிதர்களும் மறைமுக முதலாளிகள் ஆவர் என்பது அது. இந்நோக்கில் பார்த்தால், மகளின் திருமணத்திற்குப் பட்டு எடுக்கக் காஞ்சிக்கு வரும் குடும்பத்திற்கும் இதில் பங்குண்டு. கைத்தறிக்கெனச் சில துணிவகைகளை ஒதுக்கும் சட்டம் 1985-இல் இயற்றப்பட்டது. காஞ்சிப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. ஆயினும் விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்பதும், போலிச் சரிகையை அசல் என்று விற்பதும் நின்றபாடில்லை. விலை குறைவு என்பதற்காக உசாவாமல் வாங்கும்போது, எங்கோ ஒரு நெசவாளரின் தறி நிற்கிறது. அவர் அதனைத் தம் தலையெழுத்து என்று சொல்லிக்கொள்வார். அத்தலையெழுத்தை எழுதிய எழுதுகோலில் நம் விரலும் பட்டிருக்கலாம்.

நாம் ஒவ்வொருவரும் செய்யக்கூடியவை பல உண்டு. அலுவலகத்தில் பணியிடம் ஒன்று காலியாவதை அறிந்தவர், பங்கில் வேலை தேடும் பிள்ளைக்கு ஒரு சொல் சொல்லலாம். விண்ணப்பம் எழுதத் தெரியாதவருக்கு எழுதக் கற்றுத்தரலாம். தொழிற்கூடம் வைத்திருப்பவர் பயில வரும் சிறுவரை ஏவலாளாக மட்டும் நடத்தாமல் உண்மையாகவே தொழிலைக் கற்பிக்கலாம். வசதி பெற்றவர் ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை ஏற்கலாம். அப்பிள்ளைக்குத் தம் பெயர் தெரிய வேண்டும் என்பதில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர் மாலையில் ஒரு மணி நேரம் தரலாம். இவை பெருஞ்செயல்கள் அல்ல. ஆயினும் பெற்றவர் பல ஆண்டுகள் கழித்து, அன்று ஏதோ அதிர்ஷ்டம் அடித்தது என்று நினைவுகூர்வார். அவ்வளவு போதும்.

இறுதியாக, பேறு என்னும் சொல்லுக்கே மீண்டும் வருவோம். மலைப்பொழிவில் நம் ஆண்டவர் சிலரைப் பேறுபெற்றோர் என்று அழைத்தார். வெற்றி பெற்றவர்களையோ உயர்பதவி வகித்தவர்களையோ அவர் அவ்வாறு அழைக்கவில்லை. எளிய உள்ளத்தோர், துயருறுவோர், நீதிக்காகப் பசித்திருப்போர் ஆகியோரை அழைத்தார். உலகம் அதிர்ஷ்டமற்றவர் என்று ஒதுக்கியவர்களை. அவர்களுக்கு அவர் தந்த வாக்குறுதிகள் தாமாக நிறைவேறட்டும் என்று விட்டுவிட முடியுமா? துயருறுவோர் ஆறுதல் பெறுவது பெரும்பாலும் மனிதக் கைகளின் வழியாகவே நடக்கிறது. பசித்தோர் நிறைவு பெறுவதும் அவ்வாறே.

தறியில் அமர்ந்திருக்கும் தந்தைக்கும் அழைப்புக்காகக் காத்திருக்கும் மகனுக்கும் இனி நாம் என்ன சொல்வோம்? தந்தையே, நீர் நெய்தது வீணன்று. கிடைத்த கூலியைக் கொண்டு இறைவன் உம்மை அளப்பதில்லை. தம்பி, நீ முயல்வது நன்று, முயன்றுகொண்டே இரு. நாளை உனக்கு வாய்ப்புக் கிடைத்தால், அதனை நீ மட்டுமே ஈட்டியதாக எண்ணாதே. கிடைக்காவிட்டால், அதனை உன் குற்றமாக மட்டும் எண்ணாதே. நம் அனைவருக்குமோ இவ்வாரத்தில் செய்வதற்கு ஒரு வேலை உண்டு. நம் தெருவில், நம் பங்கில், மாலை ஐந்து மணி வரை அழைப்பாரின்றி நிற்பவர் எவரேனும் உண்டா என்று போய்ப் பார்ப்பதே அது.